எங்கள் மானம் அவர் வாயில்

2004 நவம்பர் 16, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். இரவு விழுந்த பனி உருகிச் சேறாகியிருந்தது. இரண்டு துண்டு பாண், ஒரு வாழைப்பழம், தேநீர். 5.55க்கு, ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள எல்லிங்ஸ்ருட் வீட்டைப் பூட்டினேன். 6.30க்கு லோறென்ஸ்கூக்கில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை தொடங்கியது. தள்ளுவண்டியைக் கதவுநிலையில் மூன்று தடவை இடித்தேன்: வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. கோப்பை ஒன்று உடைந்தது. 1.30க்கு வேலை முடிந்தது. 2.15க்கு வைத்தியர். தொல்க் வருவார்.

அன்றைய நாட்குறிப்பின் முதற்பாதி இவ்வளவுதான். தொல்க் என்றால் மொழிபெயர்ப்பாளர். நோர்வீஜிய மொழி பிடிபடாத எங்களைப் போன்றவர்களுக்காக வைத்தியசாலையும் அரச அலுவலகங்களும் கூலி கொடுத்து அழைக்கும் ஆள். அந்தத் தொல்க்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதமாட்டேன். அவர்மேல் உள்ள மரியாதையால் அல்ல. அவருடைய பிள்ளைகள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் அக்கா. சாம்பல் நிற மேலங்கி, கழுத்துவரை பூட்டிய பொத்தான்கள், சின்னக் கறுத்தப் பொட்டு. எந்தச் சந்திப்புக்கும் கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடுவார். கதிரையில் உட்காருமுன் கைக்குட்டையால் ஒரு தடவை துடைப்பார், அது வைத்தியசாலைக் கதிரையாக இருந்தாலும். கைப்பையை மடியில் வைத்து அதன் பூட்டின்மேல் இரண்டு கையையும் அடுக்கிக்கொள்வார். எப்போதும் எனக்கு இடப்பக்கம்தான் இருப்பார். அவருடைய நோர்வீஜியன் வானொலியில் செய்தி வாசிப்பவர்களுடையதைப் போல நேராக இருக்கும். வைத்தியர்களுக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவர் வந்தால் சந்திப்பு குறித்த நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஏன் முடிந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

2001இல் முதல் தடவையாக அவர் எனக்குத் தொல்க்காக வந்தார். வயிற்றுவலி. வைத்தியர் ஏதோ கேட்டார். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை, பதில் சொல்லிவிட்டார். வைத்தியர் எழுதிக்கொண்டார்.

"என்ன அக்கா கேட்டவர்?"

"வயித்தாலை ஒழுங்காப் போகுதோ எண்டு. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"நாலு நாளாப் போகேல்லை."

"அது வெளியிலை சொல்லுற கதையே? வீட்டை போய் முந்திரிகை வத்தலை ஊறப்போட்டுத் தின்னும்."

நான் சிரித்தேன். அன்று அது எனக்குப் பகிடியாக இருந்தது.

அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. யார் வீட்டு விசேடத்திலும் அதை ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்: "எங்கட மானம் என்ர வாயிலை இருக்கு." வெறும் பேச்சல்ல, அவர் அதை நம்பினார். நாங்கள் சொல்வதை அவர் மொழிபெயர்க்கவில்லை. வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுத்தார். கோபமாகச் சொன்னால் நன்றியாகப் போய்ச் சேரும். அழுதுகொண்டு சொன்னால் "கொஞ்சம் கவலையாக இருக்கிறா" என்று போகும். நான் இரண்டு நிமிடம் பேசினால் அவர் ஒரே மூச்சில் முடிப்பார். மறுபக்கம் வைத்தியர் ஒரு வாக்கியம் சொன்னால், எனக்கு வந்து சேரும்போது அதில் கீரை சாப்பிடுவது, விரதம் இருப்பது, மனிசனோடு அனுசரித்துப் போவது எல்லாம் சேர்ந்திருக்கும்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒருநாள் பேருந்தில் அவரே சொன்னார். எண்பதுகளின் கடைசியில், அவர் தொல்க் வேலை தொடங்கிய புதிதில், ஒரு வயதானவருக்காகப் போயிருக்கிறார். அந்த மனிதர் தாது நட்டமாவதால் உடம்பு மெலிகிறது என்று வைத்தியரிடம் முறையிட்டிருக்கிறார். இவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருக்கிறார். வைத்தியரும் தாதியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம்.

"அந்த மனிசனும் அவையோடை சேர்ந்து சிரிச்சார், தங்கச்சி. ஏன் சிரிக்கினம் எண்டு அவருக்குத் தெரியாது. அண்டைக்கு முடிவெடுத்தனான், இனி என்ர வாயாலை ஒருத்தனும் எங்களைப் பார்த்துச் சிரிக்க விடன் எண்டு."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனாலும் என் மனம் அவர்மேல் இளகவில்லை. வைத்தியரின் சிரிப்புக்கான தண்டனையை அவர் எங்களுக்குத்தான் கொடுத்தார்.

எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் திருகோணமலைக்காரர் ஒருவர் இருந்தார். நீரிழிவு. தினமும் மாலையில் அரைப் போத்தல் முடிப்பார், அதை ஒளித்ததும் இல்லை. வைத்தியர் எவ்வளவு குடிப்பீர் என்று கேட்டபோது மனிதர் கையாலேயே போத்தலின் பாதியைக் காட்டியிருக்கிறார். அக்கா சொன்னது: "கலியாண வீடுகளிலே கொஞ்சம்." வைத்தியர் அதை நம்பி இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார். இன்சுலின் இரத்தத்தில் உள்ள சீனியை இறக்கும். இறக்கம் அளவுக்கு மிஞ்சினால் ஈரல் தன் சேமிப்பிலிருந்து சீனியை விட்டுச் சமாளிக்கும். ஆனால் சாராயம் உள்ளே போனால் ஈரலுக்கு அதைக் கவனிக்கவே நேரம் போதாது. மனிதர் மாசி மாதத்தில் பேருந்துத் தரிப்பில், பனிக்கட்டியின்மேல், விழுந்து கிடந்தார். வெறியில் கிடக்கிறார் என்று ஆட்கள் விலகிப் போயிருக்கிறார்கள். யாரோ ஒரு நோர்வீஜியக் கிழவி அம்புலன்சுக்கு அறிவித்ததால் தப்பினார்.

அக்கா அப்பிள் பழங்களோடு பார்க்கப் போனார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"பிள்ளை, நான் குடிக்கிறதை நீ சொல்லியிருக்கலாமே?" என்றார் அவர், மூக்கில் குழாயோடு.

"அண்ணை, விழுந்தது விழுந்ததுதான். எண்டாலும் நீங்கள் குடிகாரன் எண்டு டொக்டருக்குத் தெரியாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பிள் பழத்தின் தோலை ஒரே நாடாவாக உரித்து, துண்டு துண்டாக வெட்டி, நீரிழிவுக்காரருக்கு ஊட்டிவிட்டார்.

இனி என் கதை. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அவர் செய்யும் வேலையைத்தான் நானும் செய்தவளாவேன்.

நான் முப்பத்தேழு வயதில் கலியாணம் கட்டினேன். என் கணவர் வடக்கே, துருவத்துக்குக் கிட்ட, ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. ஒஸ்லோவில் வேலை கிடைத்ததும் இறங்கி வருவதாக ஏற்பாடு. அதுவரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. 2003 இலையுதிர்காலத்தில், எனக்கு நாற்பத்திரண்டு வயதில், மாதவிலக்கு நின்றது. தலையிடி தொடங்கியது. 2004 மார்ச்சில் வைத்தியரிடம் போனேன். இரும்புச்சத்தும் தைரொயிட்டும் சோதித்தார்கள்; பழுதில்லை. வயது என்றார்கள்.

ஏப்ரல் 19, திங்கட்கிழமை, சட்டையில் இரண்டு ஈரப் பொட்டுகளைக் கண்டேன். அழுத்திப் பார்த்தேன். பால்.

பிள்ளை பெறாத மார்பில் பால். நாட்குறிப்பில்கூட அன்று அந்தச் சொல்லை எழுதவில்லை. ஒரு சின்ன வட்டம் மட்டும் போட்டேன். பிறகு எட்டு வாரம் வட்டங்களாகவே இருக்கிறது. ஜூனில் துணிந்து வைத்தியரிடம் போனேன். தொல்க் பெண் என்பதால்தான் துணிவு வந்தது. நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நோர்வீஜியனில் சொன்னார். வெட்கத்தில் என் காதுக்கு எதுவும் எட்டவில்லை. வைத்தியர் மீனெண்ணெயும் வெயிலும் நடையும் எழுதிக் கொடுத்தார். சொல்லிவிட்டேன், பெரிதாக ஒன்றும் இல்லைப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஜூன் சந்திப்பின் பதிவை நெடுநாள் கழித்து வைத்தியர் எனக்கு வாசித்துக் காட்டினார். மூன்று வரி. களைப்பு. நாட்டு நினைவு. வேறு முறைப்பாடு இல்லை.

இங்கே உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பின்னால் பெரிய வைத்தியசாலையில் சுரப்பிகளுக்கான நிபுணர் ஒரு கடதாசியில் படம் கீறி விளக்கியது இது. அன்று எனக்குத் தொல்க்காக இருந்தவள் துரொண்ட்ஹெய்மிலிருந்து தொலைபேசியில் பேசிய ஓர் இளம் பெண், பல்கலைக்கழக மாணவி. அவளுடைய தமிழ் குழந்தைத் தமிழ். ஆனால் முலைக்காம்பு என்ற சொல்லை மூக்கு என்பதைப் போலச் சொன்னாள். ஓரிடத்தில் தடக்கியபோது, "அக்கா, இதுக்குத் தமிழ் எனக்குத் தெரியாது, சுத்தி வளைச்சுச் சொல்லட்டே?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லத் தெரிந்த தொல்க்கை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

மூக்கின் அடிக்குப் பின்னால், மூளைக்குக் கீழே, எலும்புக் கிண்ணம் ஒன்றில் ஒரு பட்டாணிக் கடலை அளவில் சுரப்பி தொங்குகிறது. பள்ளியில் அதைக் கபச்சுரப்பி என்று படித்தோம். தைரொயிட், சிறுநீரகத்தின் தலையில் இருக்கும் அதிரீனல், பெண்ணின் சூலகம் என எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் கட்டளை போகிறது. கட்டளையைக் கொண்டுபோவது ஓமோன். அதற்கென்று தனிக் குழாயோ நரம்போ கிடையாது. நேராக இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். எந்த உறுப்பில் அதற்கான பூட்டு இருக்கிறதோ அங்கே மட்டும் திறக்கும். மற்ற உறுப்புகள் அதைக் கண்டும் காணாமல் இருக்கும். ஒரு கரண்டி இரத்தத்தில் தூசியளவுகூட இராது, ஆனாலும் வழியில் ஒன்றும் கூடாமல் குறையாமல் போய்ச் சேரும். தைரொயிட் போதுமான அளவு சுரந்துவிட்டால் அந்தச் செய்தி மேலே திரும்பிப் போகும், கட்டளை தணியும். சொல்வதும் கேட்பதும் சரியாக நடக்கும்வரை மனிதர் நலமாக இருக்கிறார்.

பால் சுரக்கவைக்கும் ஓமோன் மட்டும் ஒரு விதத்தில் வேறுபட்டது. மற்றவை பெரும்பாலும் "சுரக்கட்டும்" என்ற கட்டளைக்குக் காத்திருக்கும். இதையோ மூளை இரவும் பகலும் "வேண்டாம்" என்று பிடித்து வைத்திருக்கிறது. பிள்ளை பிறந்து பால் குடிக்கும் காலத்தில் அந்தப் பிடி தளரும். எனக்கு அந்தச் சுரப்பியிலேயே ஒரு கட்டி வளர்ந்திருந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் மூளையின் "வேண்டாம்" அதற்கு எட்டவில்லை. தன் பாட்டில் சுரந்துகொண்டிருந்தது. அதே ஓமோன்தான் சூலகத்தையும் பூட்டியிருந்தது.

இதில் ஆபத்து பாலில் இல்லை. இரு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடம் அந்தச் சுரப்பிக்கு நேர்மேலே இருக்கிறது. கட்டி மேலே வளர்ந்தால் அந்தச் சந்தியை நெருக்கும். முதலில் போவது இரண்டு பக்கத்து ஓரப் பார்வை. மனிதருக்கு அது தெரியாது. குதிரைக்குக் கண்மறைப்புக் கட்டியதைப் போல நேரே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உள்ளதையெல்லாம் இடித்துக்கொண்டு நடப்பார். கவனிக்காமல் விட்டால் நடுப் பார்வையும் போகும்.

நான் கதவுநிலைகளை இடித்ததை ஜூலையிலிருந்து திகதி, பக்கம், எத்தனை தடவை என்று எழுதி வைத்திருந்தேன். ஏன் என்று தெரியாமல்தான் எழுதினேன். தெரிந்திருக்கவேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை.

நவம்பர் 16க்கு வருகிறேன்.

2.15க்கு உள்ளே அழைத்தார்கள். அக்கா கதிரையைத் துடைத்து என் இடப்பக்கம் உட்கார்ந்தார். எங்கள் குடும்ப வைத்தியர் அறுபதை நெருங்கியவர், மெல்லப் பேசும் நல்ல மனிதர். நாட்குறிப்பிலிருந்து எடுத்து எழுதிய ஒரு தாளைப் பார்த்து ஒழுங்காகச் சொன்னேன். தலையிடி எத்தனை நாள். மாதவிலக்கு நின்று எத்தனை மாதம். இரண்டு மார்பிலும் பால், தினமும். இரண்டு பக்கமும் இடிபடுகிறது.

அக்கா மொழிபெயர்த்தார். நான் இந்தத் தடவை நிலத்தைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் வரை நான் அலுவலகங்களில் தனியாகத் துப்புரவு செய்தேன். ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. ஆகஸ்டில் சமையலறைக்கு வந்தபிறகு சில சொற்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. கரண்டி, சூடு, உப்பு, மெல்க். மெல்க் என்றால் பால். ஒவ்வொரு காலையும் முதியவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நாற்பது தடவையாவது அந்தச் சொல்லைச் சொல்கிறேன்.

அக்காவின் வாக்கியம் தொடங்கியது, நெளியாமல் போனது, முடிந்தது. மெல்க் வரவில்லை.

ஒருவேளை வேறு விதமாகச் சொல்லியிருப்பார் என்று வைத்தியரின் முகத்தைப் பார்த்தேன். அனுதாபமாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் களைத்த பெண்ணுக்கு உரியது. வாயைத் திறந்தேன். அக்கா தன் கையை என் முழங்காலில் வைத்து ஒரு தடவை அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதற்காக நான் வெறுப்பது அவரை மட்டுமல்ல. ஒரே ஒரு சொல். எனக்குத் தெரிந்த சொல். சொல்லியிருக்கலாம்.

ஒரு கிழமை வீட்டில் ஓய்வு எடுக்க எழுதித் தந்தார் வைத்தியர். 2.50க்கு வெளியே வந்தோம். பேருந்துத் தரிப்பில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் இல்லை. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் இருட்டிவிடும்.

"அக்கா, பால் வாறதை நீங்கள் சொல்லேல்லை."

"எல்லாம் சொன்னனான்."

"மெல்க் எண்ட சொல்லு வரேல்லை."

அவர் கையுறையை விரல் விரலாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஓகோ. இப்ப நோர்ஸ்க்கும் படிச்சிட்டீரோ? அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டனீர்?"

"சொன்னனீங்களோ, இல்லையோ?"

"இல்லை. சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்."

"ஜூனிலை?"

"அண்டைக்கும் இல்லை." குரலில் ஒரு கலக்கமும் இல்லை. "இஞ்சை பாரும். உம்மட மனிசன் கடைசியா வந்து போனது எப்ப?"

"ஆவணியிலை. ஏன்?"

"பிள்ளை பெறாத பொம்பிளை, மனிசன் பக்கத்திலை இல்லை, மார்பிலை பால். அந்த ஆள் என்ன நினைப்பான்? வாய் திறந்து கேக்கமாட்டான். கொம்பியூட்டரிலை எழுதி வைப்பான். அந்தக் கொம்பியூட்டரைத் தாதி பார்ப்பாள், மேசையிலை இருக்கிறவள் பார்ப்பாள். அங்கை ஒரு தமிழ்ப் பிள்ளை வேலைக்கு வந்தால் அவளும் பார்ப்பாள். பிறகு இந்த ஒஸ்லோவிலை நீர் நிமிர்ந்து நடப்பீரோ?"

"அவர் டொக்டர் அக்கா."

"டொக்டரும் ஆம்பிளைதான்."

"எனக்குக் கண் ஓரம் தெரியுதில்லை. வண்டியைக் கொண்டுபோய் இடிக்கிறன். அதை எப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேலையிலை கவனம் இல்லாமல் இருக்கிறா எண்டு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். கிட்ட வந்து, என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தினார். உண்மையான கனிவு இருந்தது அந்தக் குரலில். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுவது அந்தக் கனிவினால்தான்.

"உண்மையைச் சொல்லும் தங்கச்சி. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன். ஏதும் நடந்ததோ?"

"என்ன நடக்கிறது?"

"வயித்திலை ஏதும் வந்து... கலைச்சனீரோ?"

அவர் கையை உதறினேன். அப்போதுதான் விளங்கியது: வைத்தியர் என்ன நினைப்பார் என்று அவர் பயப்படவில்லை. தான் நினைத்ததை வைத்தியரின் தலையில் ஏற்றிவிட்டுப் பயந்துகொண்டிருந்தார். ஐந்து மாதமாக என்னை அப்படியே நினைத்து, ஐந்து மாதமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்திருக்கிறார்.

3.20 பேருந்து வந்தது. அவர் ஏறினார். நான் ஏறவில்லை. கதவு மூடுமுன் தலையை நீட்டி, "குளிருக்கை நிக்காதையும்!" என்றார்.

அதன் பிறகு அவரைப் பல தடவை கண்டிருக்கிறேன், கோயில் திருவிழாவில், பூப்புனித நீராட்டு விழாக்களில். மன்னிப்புக் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டிய ஏதோ நடந்தது என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. என் கட்டியைப் பற்றி யாரோ விசாரித்தபோது, "அவவுக்குத் தலையிடி, இப்ப சுகம்" என்று சொன்னார். என் நோயையும் வெளுத்து மடித்துவிட்டார். மாத்திரை கட்டியைச் சுருக்கியது. மூளை சொல்லி எட்டாத "வேண்டாம்" என்பதைத்தான் அந்த மாத்திரை கிழமைக்கு இரண்டு தடவை சொன்னது. பால் நின்றது. வலக்கண் முழுதாகத் திரும்பியது. இடக்கண்ணின் வெளியோரத்தில் ஒரு கீற்று திரும்பவில்லை. ஜூனிலேயே தெரிந்திருந்தால் அது தப்பியிருக்குமா என்று நிபுணரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். துரொண்ட்ஹெய்ம்ப் பெண் அதை அப்படியே, "சொல்ல ஏலாதாம் அக்கா" என்று சொன்னாள்.

கலியாணத்திலிருந்து பிள்ளை இல்லாமல் போன ஆண்டுகளை நான் அக்காவின் தலையில் போடவில்லை. கட்டி எப்போது தொடங்கியது என்று எவருக்கும் தெரியாது. ஜூனிலிருந்து நவம்பர்வரை உள்ளதை மட்டும் போடுகிறேன். ஐந்து மாதம். அதில் ஒருநாளும் கழிக்கமாட்டேன். அவரைப் பற்றி முறைப்பாடு எழுதவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். எழுதியிருக்க வேண்டும். எனக்குப் பிறகு எத்தனை பேர் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த நவம்பர் 16 மாலை 6.30க்கு வடக்கே தொலைபேசி எடுத்தேன். கணவர் வேலை முடிந்து வந்திருந்தார். பின்னால் தண்ணீர் கொதிக்கும் சத்தம்.

"என்னப்பா? ஏன் பேசாமல் நிக்கிறீர்?"

"எனக்குப் பால் வருது."

"பாலோ? என்ன பால்?"

"மார்பிலை."

கொதிக்கும் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்கிறார்.

"எப்ப துடக்கம்?"

"சித்திரையிலை இருந்து."

"சித்திரையிலை இருந்து நான் ரெண்டு தரம் வந்து போயிட்டன்."

"ஓம்."

"விசரி. வெளிச்சத்தை நூர்த்துப்போட்டு உடுப்பு மாத்தினது இதுக்கோ? நான் என்னிலை மீன் மணக்குது எண்டு நினைச்சு ரெண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளிச்சனான்."

நான் சிரித்தேன். பிறகு அழுதேன். அக்கா கேட்டதை அவரிடம் சொன்னேன். அவர் அக்காவைப் பற்றி ஒரு வசனம் சொன்னார். அதை மட்டும் இங்கே எழுதவில்லை.

"பென்சில் எடும்," என்றார். "நான் சொல்லச் சொல்ல எழுதும். தமிழ் எழுத்திலை எழுதினால் போதும். தொல்க்கும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம்."

நோர்வீஜியனில் மூன்று வாக்கியம். மார்பிலிருந்து பால் வருகிறது. நான் கர்ப்பமாக இல்லை. இரண்டு பக்கமும் கண் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை சொல்லவைத்தார். கர்ப்பம் என்ற சொல்லில் என் நாக்கு புரளவில்லை. அதற்கு மட்டும் ஒன்பது தடவை. 7.15க்குத் தொலைபேசியை வைத்தோம்.

நவம்பர் 17, புதன்கிழமை. ஓய்வுக் கடிதம் இருந்ததால் வேலை இல்லை. வைத்தியரின் தொலைபேசி எட்டு மணிக்குத் திறக்கும். அதுவரை தேநீர்கூடப் போடவில்லை. சரியாக 8.00க்கு எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். என்ன விடயம் என்று கேட்டாள். தொல்க் வேண்டுமா என்றும் கேட்டாள்.

"நெய்," என்றேன், அவர்கள் மொழியில். வேண்டாம்.

முதல் வாக்கியத்தைச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள். எழுந்து நின்று, சமையலறைக்குள் கூப்பிடுவதைப் போல உரத்துச் சொன்னேன். மெல்க் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டாருக்கும் கேட்டிருக்கும். அடுத்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன்.

மறுமுனையில் அவள் எழுத்துகளைத் தட்டும் சத்தம் கேட்டது. சிறிது நேரம் எங்கோ போய்விட்டு வந்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இன்றைக்கே வாருங்கள், ஒன்பது மணிக்கு, இரத்தம் எடுக்கவேண்டும் என்றாள்.

எல்லாமே எனக்கு விளங்கியது.